வண்டி வேண்டாத ஊர்

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அத்தை எழுதுகிறேன். 

முந்தாநாள் உன் அப்பா போன் செய்தான். நீயும் டாலஸில் உன் ரூமில் இருக்கும் மூன்று பிள்ளைகளும் மார்ச் லீவுக்கு நியூயார்க் போவதா, லாஸ் ஏஞ்சலஸ் போவதா என்று யோசிக்கிறீர்களாம். தலைக்கு எழுநூறு டாலருக்குள் முடிக்க வேண்டுமாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "லாஸ் ஏஞ்சலஸ்னா வாடகைக் கார் எடுப்பாங்களாம்க்கா" என்றான். அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. அவன் எதை நினைத்து நிறுத்தினான் என்று உனக்கும் தெரியும். சங்ககிரி பைபாஸ் விபத்துப் பேச்சை நம் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. நானும் எடுக்கவில்லை. உன் அம்மா ரெண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முடிவு உன்னுடையதுதான். சம்பாதிக்கப் போகிற பிள்ளை, படிக்கும்போதே மிச்சம் பிடித்து ஊர் பார்க்க நினைக்கிறாய். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எங்கே போனாலும் போய்விட்டு வா. ஆனால் எனக்குத் தெரிந்ததைக் கேட்டுக்கொள்.

லாஸ் ஏஞ்சலஸில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அத்தனை வருஷம் ரிசீடாவில் குப்பை கொட்டியவள் நான். அந்த வெயிலும் கடலும் வேறு எந்த ஊரிலும் வராது. மலைமேல் கிரிஃபித் வானாய்வகம் இருக்கிறது. 1935இல் திறந்த நாளிலிருந்து இன்றைக்கு வரைக்கும் உள்ளே போகக் காசு கிடையாது. வானம் தெளிவாக இருக்கிற ராத்திரிகளில் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கவும் காசில்லை. கெட்டி அருங்காட்சியகத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே வண்டியை நிறுத்தக் காசு. பார்ப்பது சும்மா, நிறுத்துவதற்குப் பணம். அந்த ஊரின் குணம் மொத்தமும் அந்த ஒரு வாசலிலேயே தெரிந்துவிடும்.

விமான டிக்கெட் முப்பது நாற்பது டாலர் குறைவு என்று நீ அப்பாவிடம் சொன்னாயாம். டிக்கெட்டோடு கணக்கை நிறுத்திவிடாதே. வாடகைக் கார் எடுக்கும்போது திரையில் காட்டும் விலை ஒன்று, கவுண்டரில் சாவி வாங்கும்போது கேட்கும் விலை வேறு. 25 வயது ஆகாதவர்களுக்கு நாளுக்கு இவ்வளவு என்று தனியாகப் போடுவார்கள். நீங்கள் நாலு பேருமே இருபத்துமூன்று, இருபத்துநாலு. இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று பயமுறுத்துகிற மாதிரிக் கேட்பார்கள். ராத்திரி ஹோட்டலில் வண்டி நிற்கப் பல இடங்களில் தனிக் காசு. பெட்ரோலும் டெக்சஸ் விலையில் கலிபோர்னியாவில் கிடைக்காது.

நாங்கள் சான் டியேகோ போய்வந்த வண்டிக் கதை உனக்குத் தெரிந்ததுதான். திருப்பிக் கொடுத்தபோது ஆள் சுற்றிவந்து பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். மாதக்கணக்கில் போன பிறகு, பின்பக்கம் கீறல் என்று பில் வந்தது. மாமா எத்தனை கடிதம் எழுதினார்! கடைசியில் கட்டித்தான் தொலைத்தோம். அந்தக் கம்பெனியின் பெயரை இன்றைக்கும் நான் வாயால் சொல்வதில்லை.

காசு போனால் போகட்டும், கண்ணு. அந்த ஊரில் வண்டி இல்லாத பொம்பளை எப்படி இருந்தாள் என்று உன் அப்பாவுக்கும் முழுதாகத் தெரியாது. வீட்டில் ஒரே கார். மாமா காலையில் ஆறரைக்கு எடுத்துக்கொண்டு போனால் இருட்டினதும்தான் வருவார். என் விசாவில் வேலைக்கும் போக முடியாது. பால் வாங்கக் கடைக்கு நடப்பேன். பாதி வழியில் நடைபாதை முடிந்துபோகும். அப்புறம் ரோட்டோரம் புல்மேட்டில்தான் நடக்க வேண்டும். கையில் நாலு லிட்டர் பால் கேன் கனக்கும். போகிற கார்க்காரர்கள் நிறுத்தி, "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்பார்கள். நடந்து போகிறவர் ஆபத்தில் இருக்கிறவர் என்று அந்த ஊருக்கு அப்படி ஒரு நினைப்பு. கலபாசாஸ் மலைப்பாதையில் இருக்கும் பெருமாள் கோயிலுக்கு, புரட்டாசிச் சனிக்கிழமை கூட மாமாவுக்கு லீவு கிடைத்தால்தான் போக முடியும். அங்கே பெருமாளைப் பார்க்கவும் வண்டி வேண்டும்.

அந்த ஊர் பிறக்கும்போதே அப்படி இல்லை என்பதுதான் என் ஆத்திரம். ஹென்றி ஹண்டிங்டன் என்ற முதலாளி 1901இல் தொடங்கிய பசிபிக் எலெக்ட்ரிக் கம்பெனியின் மின்சார ரயில்கள் அங்கே ஆயிரம் மைலுக்கும் மேலான தண்டவாளத்தில் ஓடின. சிவப்புக் கார் என்று ஜனங்கள் சொல்வார்கள். கடற்கரை, மலையடிவாரம், ஆரஞ்சுத் தோட்டம் என்று எங்கே பார்த்தாலும் ரயில். தோட்டம் வீட்டுமனை ஆயிற்று, கார் பெருகிற்று, ஃப்ரீவே வந்தது. 1961இல் லாங் பீச்சுக்குப் போன கடைசி வண்டியையும் நிறுத்திவிட்டார்கள். அதே லாங் பீச்சுக்கு 1990இல் மறுபடியும் தண்டவாளம் போட்டார்கள். இருந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்ப நட்ட அந்த முப்பது வருஷத்தில் என்னைப் போல எத்தனை பேர் வீட்டுக்குள்ளேயே கிடந்திருப்பார்கள்! மாமாவிடம் இதைச் சொன்னால் "ஆரம்பிச்சிட்டியா" என்பார். நீயாவது கேள்.

நியூயார்க்கில் எனக்கு நேர்மாறாக இருந்தது. உன் பெரியம்மா மகள் க்வீன்ஸில் இருந்தபோது போனேனே, அப்போதுதான் அமெரிக்காவில் நான் முதன்முதலாக யாரையும் கேட்காமல், யாருக்கும் காத்திருக்காமல் வெளியே போனேன். 1904இல் தொடங்கிய ரயில், ராத்திரி பகல் எந்நேரமும் ஓடுகிறது. மன்ஹாட்டன் நீளவாக்கில் 21 கிலோமீட்டர், அகலம் நாலு கிலோமீட்டர் கூட வராது. லாஸ் ஏஞ்சலஸில் ஹாலிவுட்டிலிருந்து டிஸ்னிலாண்டுக்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். யோசித்துப் பார்.

டாலஸிலிருந்து டிக்கெட் போடும்போது லாகார்டியா விமான நிலையத்துக்குப் பார்த்துப் போடு. வெளியே வந்ததும் க்யூ70 என்று பஸ் நிற்கும், காசு கிடையாது. ஜாக்சன் ஹைட்ஸில் இறக்கிவிடும். 74ஆம் தெருவில் நம் ஊர் மளிகை, வங்காளி கடை, நேபாளத்துக்காரர்களின் மோமோ எல்லாம் உண்டு. வயிற்றை நிரப்பிக்கொண்டு அங்கேயே ரயில் ஏறலாம். ஒரு தடவை ஏற மூன்று டாலர். ஏழு நாளில் 35 டாலருக்கு மேல் வாங்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொருவரும் அவரவர் கார்டையோ போனையோதான் வாசலில் தட்ட வேண்டும். நாலு பேருக்கும் ஒரே கார்டைத் தட்டினால் அந்தச் சலுகை கிடைக்காது.

தங்கும் இடம் அங்கே விலைதான், அதை மறைக்கவில்லை. வாடகையின் மேல் வரியும் நூற்றுக்குப் பதினைந்து கிட்ட வரும். முழு வீடு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது விளம்பரம் போட்டால் ஏமாந்துவிடாதே. முப்பது நாளுக்குக் குறைவாக முழு வீட்டை விட அங்கே அனுமதி இல்லை, 2023 செப்டம்பரிலிருந்து அதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். வீட்டுக்காரர் கூடவே இருக்க வேண்டும், ரெண்டு பேருக்கு மேல் தங்கவும் கூடாது. மன்ஹாட்டன் உள்ளே தேடாமல், ஆற்றுக்கு க்வீன்ஸ் பக்கம் லாங் ஐலண்ட் சிட்டியில் ஹோட்டல் பார். கோர்ட் ஸ்கொயர் ஸ்டேஷன் பக்கம் கிடைத்தால் ஈ ரயிலில் அடுத்த ஸ்டாப்பே மன்ஹாட்டன். நாலு பேர் ஒரு அறையைப் பங்கு போட்டால் உன் எழுநூறுக்குள் அடங்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஸ்டேட்டன் தீவுக்குப் போகிற ஆரஞ்சு நிறப் படகில் கட்டாயம் ஏறு. இருபத்தைந்து நிமிஷம், சுதந்திர தேவி சிலையைத் தாண்டித்தான் போகும், இலவசம். கரையில் டிக்கெட் என்று யாராவது கையில் அட்டையோடு வந்து பிடித்தால் நிற்காமல் நடந்துவிடு. அந்தப் படகுக்கு டிக்கெட்டே கிடையாது.

புரூக்ளின் பாலத்தை நீ பார்க்காமல் வந்தால் சிவில் படித்து என்ன பிரயோஜனம்? புரூக்ளின் பக்கமிருந்து மன்ஹாட்டனைப் பார்த்து நட, அதுதான் அழகு. கட்டிக்கொண்டிருக்கும்போதே தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங் ஆற்றடி வேலையில் வந்த நோயில் படுத்துவிட்டார். அவர் மனைவி எமிலிதான் கம்பிவடக் கணக்கெல்லாம் கற்றுக்கொண்டு, வருஷக்கணக்கில் அவருக்கும் வேலைத்தலத்துக்கும் நடுவே நின்று நடத்தினாள். 1883இல் பாலம் திறந்தது. நீ அதன்மேல் நடக்கும்போது எனக்கு ஒரு போட்டோ அனுப்பு.

மெட்ரோபாலிடன் மியூசியம் உனக்கு இலவசமில்லை. மனசுக்குத் தோன்றினதைக் கொடு என்பது நியூயார்க்காரர்களுக்கும், பக்கத்து ரெண்டு மாநில மாணவர்களுக்கும்தான். உன் டெக்சஸ் ஐடிக்கு மாணவர் சீட்டு உண்டு, முழு 30 டாலர் வராது. அந்தப் பணத்தைக் கொடு, கண்ணு. உள்ளே பத்தாம் நூற்றாண்டுச் சோழர் காலத்துப் பார்வதி நிற்கிறாள். வலக்கை பூப்பிடிக்கிற பாவனையில் இருக்கும், இடக்கை தளர்ந்து தொங்கும், இடுப்பு ஒரு பக்கம் ஒசிந்திருக்கும். அவளுக்கு முன்னால் அவசரப்படாமல் நில். ஒருநாள் காலை ஏழாம் எண் ரயிலில் கடைசி ஸ்டேஷன் ஃப்ளஷிங் வரை போய், அங்கிருந்து நடந்து பிள்ளையார் கோயிலுக்குப் போ. 1977இல் கும்பாபிஷேகம் நடந்த கோயில். கீழ்த்தளத்துக் கேன்டீனில் தோசை கிடைக்கும். நான் அங்கே தனியாகப் போய்த் தனியாகத் திரும்பி வந்தேன். அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று எழுத்தில் சொல்ல வரவில்லை.

மார்ச்சில் குளிர் இருக்கும், காற்று முகத்தில் அறையும். கோட்டு, கையுறை யாரிடமாவது இரவல் வாங்கு. ராத்திரி நேரமானால், நடைமேடை நடுவில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பலகைக்கு நேரே நில். கண்டக்டர் இருக்கும் பெட்டி அங்கேதான் வந்து நிற்கும். அதில் ஏறு. தனியாக எங்கும் போகாதே.

இவ்வளவுக்கும் பிறகு லாஸ் ஏஞ்சலஸ்தான் என்று நீங்கள் முடிவு செய்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் காரை மட்டும் விட்டுவிடுங்கள். இப்போது அங்கேயும் ரயில் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. பி லைன் ஹாலிவுட்டுக்குப் போகிறது, ஈ லைன் சாண்டா மோனிகா கடற்கரைக்கு. ஒரு தடவைக்கு ஒன்றே முக்கால் டாலர், ஒரு நாளுக்கு ஐந்துக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். பி லைன் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் அறை எடுங்கள். வெர்மான்ட் சன்செட் ஸ்டேஷனிலிருந்து வானாய்வகத்துக்குப் பஸ்ஸும் உண்டு. கார்தான் வேண்டும் என்றால், ஓட்டப்போவது யார்? அந்தப் பிள்ளை லைசென்ஸ் வாங்கி எத்தனை மாதம்? ஆறு லேனில் ராத்திரியில் ஓட்டிப் பழக்கம் உண்டா? இதற்கு மட்டும் எனக்கு நேராகப் பதில் எழுது. அப்பாவிடம் சொல்ல வேண்டாம், என்னிடம் சொல்.

ரொம்ப எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, சாமி. நம் வீட்டில் உன் அளவு விவரமான பிள்ளை யாருமில்லை. தாத்தா இருந்திருந்தால் உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பார். மாமா உன் பேருக்கு இருநூறு டாலர் அனுப்பச் சொல்லிவிட்டார், இந்த வாரம் வந்து சேரும். எந்த ஊருக்குப் போனாலும் அது உனக்குத்தான், கணக்கு யாரும் கேட்க மாட்டோம். நல்லதாக ஒரு நாடகம் பார், நல்லதாக வாங்கிச் சாப்பிடு, வயிற்றைக் கட்டாதே. உன் சிநேகிதிகளுக்கும் சேர்த்துப் பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும் செய்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் வருகிற உன் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அந்த மூன்று பிள்ளைகளையும் அத்தை கேட்டதாகச் சொல். டிக்கெட் போட்ட அன்றைக்கே உன் அம்மாவுக்கு ஒரு போன் செய்துவிடு.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அத்தை