போரின் நடுவே ஒரு கவித்துறவி

1960களின் பிற்பகுதி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய செல்வர் குடியிருப்புப் பகுதி ஒன்றில், ஒரு தேவாலயத்தின் அரங்கில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வியட்நாமிலிருந்து வந்த பௌத்தத் துறவி ஒருவர், தம் நாட்டுக் கிராமங்களின்மீது விழும் குண்டுகளை நிறுத்த உதவுமாறு தாழ்ந்த குரலில் வேண்டிக்கொண்டிருந்தார். அவையிலிருந்து ஒருவர் எழுந்தார். தம் மக்கள்மீது இவ்வளவு அக்கறை கொண்டவர் இங்கே என்ன செய்கிறார், காயமுற்றோர் பக்கத்தில் அல்லவா இருக்க வேண்டும் என்று ஏளனமும் சினமும் கலந்த குரலில் கேட்டார்.

அரங்கம் அமைதியாயிற்று. துறவியும் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு மிக மென்மையாக விடை கூறினார். வாடும் மரத்துக்கு இலையில் நீர் தெளித்துப் பயனில்லை, வேரில்தான் ஊற்ற வேண்டும், இந்தப் போரின் வேர்கள் இந்த நாட்டில் இருப்பதால்தான் இங்கே வந்திருக்கிறேன் என்பது அதன் சாரம். பிறகு விரைந்து வெளியேறிவிட்டார். உடன் வந்திருந்த அமெரிக்க அமைதிப் பணியாளர் ஜிம் ஃபாரஸ்ட் பின்னால் ஓடினார். கார்கள் நிறுத்தும் இடத்தில் துறவி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி அவருக்குக் கடுஞ்சினத்தை மூட்டியிருந்தது. சினத்தோடு பேசிவிடக் கூடாது என்பதற்காக மிக ஆழமாகவும் மிக மெதுவாகவும் மூச்சை விட்டு வாங்கியதில் உடல் தளர்ந்துபோயிற்று. சினந்து பேசியிருந்தால்தான் என்ன என்று ஃபாரஸ்ட் கேட்டபோது, தமக்காக மட்டும் வந்திருந்தால் அவ்வாறு பேசலாம், வியட்நாமின் உழவர்களுக்காக அல்லவா வந்திருக்கிறேன் என்றார் துறவி.

அந்தத் துறவி திக் நாட் ஹான். பிற்காலத்தில் உலகம் அவரை ஓயாத புன்னகையின் உருவமாகவே கண்டது. அந்தப் புன்னகையை நன்கு அறிந்தவர்கள் இந்தத் திணறலையும் அறிந்துகொள்வது நல்லது.

கிராமத்துக்குள் வந்த தியானம்

1926 அக்டோபர் 11ஆம் நாள் ஹூவே நகரில் பிறந்த அவர், பதினாறாம் வயதில் அங்குள்ள து ஹியு ஆலயத்தில் சேர்ந்தார். 'திக்' என்பது சாக்கிய முனிவரின் குலத்தைக் குறித்து வியட்நாமியத் துறவியர் அனைவரும் ஏற்கும் பெயர். சீடர்கள் அவரை 'தாய்' என்று அழைத்தனர். வியட்நாமிய மொழியில் அதற்கு ஆசான் என்று பொருள். தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் வேறொரு நெருக்கத்தையும் தருகிறது.

1961 முதல் பிரின்ஸ்டன், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பயின்றும் கற்பித்தும் வந்த அவரை, நாட்டில் இருந்த துறவியர் திரும்பி வருமாறு அழைத்தனர். 1964ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் சைகோனில் இருந்தார். அங்கே எழுந்த கேள்வி எளியது, ஆனால் கடுமையானது. வெளியே குண்டுகள் விழுகின்றன. துறவி தியான மண்டபத்திலேயே அமர்ந்திருப்பதா, எழுந்து சென்று அடிபட்டவர்களைத் தூக்குவதா? இரண்டையும் செய்ய வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். எழுந்து செல்பவன் தியானத்தையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். இல்லையெனில் அவனும் சில நாள்களில் போரின் ஒரு பகுதியாகிவிடுவான்.

அந்த ஆண்டின் இறுதியில் மத்திய வியட்நாமைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். து போன் ஆற்றில் படகுகளில் உணவு ஏற்றிக்கொண்டு, இரு தரப்பும் சுட்டுக்கொள்ளும் மலைப்பகுதிகளுக்குள் நாட் ஹானும் தோழர்களும் சென்றனர். அந்தப் பயணத்தில் அவர் தம் விரலைக் கீறி ஒரு துளிக் குருதியை ஆற்றில் விட்டார். வெள்ளத்திலும் போரிலும் இறந்த அனைவருக்காகவும் செய்த பிரார்த்தனை அது. அந்த நிகழ்ச்சி பின்னர் ஒரு கவிதையாயிற்று.

1965இல் 'சமூகப் பணிக்கான இளைஞர் பள்ளி' தோன்றியது. துறவியரும் இல்லறத்தாருமான இளைஞர்கள் கிராமங்களுக்குச் சென்று தங்கினர். பணம், கட்டளை, திட்டம் எதையும் முன்னே வைக்கவில்லை. மரத்தடியில் குழந்தைகளைக் கூட்டி எழுத்துக் கற்பித்தனர். மழை வந்தால் பாடம் நின்றுபோவதைக் கண்ட பெற்றோர், தாமே மூங்கிலும் ஓலையும் கொண்டுவந்து கூரை போட்டனர். அதன் பின்னரே மருந்தகம், பயிர்த்தொழில், கூட்டுறவு என்று பணி விரிந்தது. காலப்போக்கில் தொண்டர் எண்ணிக்கை பத்தாயிரத்தை எட்டியது. போரிடும் இரு படைகளுக்கும் இவர்கள்மீது ஐயம். ஒரு தரப்பு இவர்களைக் கம்யூனிஸ்டுகள் என்றது. மறு தரப்பு அமெரிக்கரின் ஆட்கள் என்றது.

வடக்கையும் தெற்கையும் பிரித்த எல்லைக்கு அருகே, குவாங் த்ரி மாகாணத்தில் த்ரா லோக் என்ற சிற்றூர் இருந்தது. தொண்டர்கள் அதைச் சீரமைத்தனர். குண்டுவீச்சில் அழிந்தது. மீண்டும் கட்டினர். மீண்டும் அழிந்தது. இன்னொரு முறை கட்டுவதா என்ற கேள்வி எழுந்தபோது, கட்டுவது என்றே முடிவாயிற்று. கைவிட்டால் விரக்தி வென்றுவிடும், விரக்தியுற்ற இளைஞன் கையில் எளிதில் ஆயுதம் ஏறிவிடும் என்று நாட் ஹான் கருதினார். வீடுகளைக் கட்டியதில் அந்த இளைஞர்களின் உள்ளங்களும் காக்கப்பட்டன.

1966 பிப்ரவரியில் பள்ளியின் ஆறு பேருக்கு அவர் தீட்சை அளித்தார். அவ்வாறு பிறந்த சங்கத்தின் பெயர் 'தியெப் ஹியென்'. 'தியெப்' என்றால் தொடர்புகொள்ளுதல், தொடர்தல். 'ஹியென்' என்றால் இங்கேயே, இப்போதே மெய்யாக்குதல். சங்கத்தின் பதினான்கு நெறிகளுள் முதலாவது, எந்தக் கோட்பாட்டுக்கும், பௌத்தக் கோட்பாட்டுக்குங்கூட, அடிமையாகி வெறிகொள்ளலாகாது என்பது. கோட்பாடுகளின் பெயரால் மக்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த நாட்டில் இந்நெறி முதலிடம் பெற்றது வியப்பன்று.

கவிதை செய்த வேலை

போர்க்காலத்தில் கவிதைக்கு என்ன வேலை? நாட் ஹானைப் பற்றி எழுதுவோர் பலர் அவருடைய கவிதையை ஓர் அணிகலன்போல் கடைசியில் குறிப்பிட்டு விட்டுவிடுகின்றனர். அது பொருத்தமன்று. 1965இல் சைகோனில் வெளிவந்த அவருடைய அமைதிக் கவிதைகள் கைக்குக் கை பரவின. ஒருவரோடொருவர் போரிட்ட அரசுகள் இரண்டும் அவற்றைக் கண்டித்தன. அந்நாளில் அவ்விரண்டும் ஒத்துப்போன செய்திகள் மிகச் சில.

அதே ஆண்டில் இளைஞர் பள்ளியின் தொண்டர்களுக்கென்றே அவர் ஒரு கவிதை எழுதினார். நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்துச் செல்லும் அவர்கள், கொல்ல வருபவனையும் வெறுக்காமல் இறப்பதற்கு உள்ளத்தைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் உட்பொருள். மேடையில் படித்துக் கைதட்டல் பெறும் கவிதை அன்று. இரவில் தனியே அமர்ந்து தியானிக்கும் பாடம் அது.

அந்தப் பாடத்துக்குத் தேர்வு வெகு விரைவில் வந்தது. 1967 மே 16ஆம் நாள், முதல் ஆறு பேருள் ஒருவரான நாட் சி மாய் அமைதி வேண்டித் தம் உயிரை நெருப்புக்கு ஈந்தார். எவருக்கும் வழிகாட்டியாகக் கொள்ளத்தக்க செயல் அன்று அது. அந்த நாட்டின் துயரம் எவ்வளவு ஆழத்துக்குச் சென்றிருந்தது என்பதற்கு அது சான்று. அந்த ஆண்டு ஜூலையில் ஓர் இரவு, ஆயுதம் ஏந்தியோர் தொண்டர் ஐவரைச் சைகோன் ஆற்றங்கரைக்கு இழுத்துச் சென்றனர். நீங்கள் அந்தப் பள்ளியைச் சேர்ந்தவர்களா என்று கேட்டனர். ஆம் என்றதும், வருந்துகிறோம், உங்களைக் கொல்ல வேண்டியிருக்கிறது என்று கூறிச் சுட்டனர். நால்வர் இறந்தனர். பிழைத்த ஒருவர் வாயிலாக அந்தச் சொற்கள் வெளியே தெரிந்தன.

இறுதிச் சடங்கில் பள்ளியின் சார்பாகப் பேசியவர்கள் என்ன சொல்வது? கொலையாளிகளைச் சபித்திருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர்களோ, 'வருந்துகிறோம்' என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டனர். நீங்கள் எங்களை வெறுக்கவில்லை என்று அதனால் அறிந்தோம், அதற்கு நன்றி என்றனர். யாருடைய கட்டளைக்கோ அஞ்சிக் கொன்றவனுக்குள்ளும் ஒரு மனிதன் மிச்சம் இருக்கிறான் என்பதை அவர்கள் அந்த நேரத்திலும் கண்டனர். கவிதையால் பழகிய கண்ணுக்கே அது தெரியும்.

அப்போது நாட் ஹான் நாட்டில் இல்லை. 1966 மே மாதத்தில் குறுகிய காலப் பயணமாக அமெரிக்கா சென்றவர், ஜூன் முதல் நாள் வாஷிங்டனில் போர்நிறுத்த யோசனைகளை வெளியிட்டார். சைகோன் அரசு அவரைத் துரோகி என்றது. திரும்பும் வழி அடைபட்டது. அந்தப் பயணத்தில் சந்தித்த மார்ட்டின் லூதர் கிங், 1967 ஜனவரியில் நோபல் அமைதிப் பரிசுக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்தார். அந்த ஆண்டு அப்பரிசு எவருக்கும் வழங்கப்படவில்லை.

நாடு கடந்த வாழ்வில் ஒவ்வொரு சாவுச் செய்தியும் கடிதமாகவே வந்து சேர்ந்தது. பாரிஸில் ஒரு சிறு அலுவலகத்திலிருந்து, அவரும் சான் கோங் என்ற சகோதரியும் வேறு சிலரும் போரில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குப் புரவலர்களைத் தேடினர். வியட்நாமிலிருந்து வரும் விண்ணப்பங்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்ப்பது அவருடைய அன்றாடப் பணிகளுள் ஒன்று. ஒவ்வொரு தாளிலும் ஒரு சிறு நிழற்படம் ஒட்டப்பட்டிருக்கும். முதலில் அந்த முகத்தை உற்று நோக்குவார். அந்தக் குழந்தையோடு தாம் ஒன்றாகும்வரை காத்திருந்து, பிறகே எழுதுகோலை எடுப்பார். மொழிபெயர்ப்பும் தியானமும் அங்கே ஒன்றாயின. 1974இல் வியட்நாமில் இருந்த தொண்டர் ஒருவருக்கு, களைப்பிலும் கலக்கத்திலும் விழிப்போடு மூச்சு விடுவது எப்படி என்று நீண்ட கடிதம் எழுதினார். அதுவே பின்னர் நூலாகி உலகெங்கும் தியானப் பாடமாகப் படிக்கப்படுகிறது. ஓய்வு நேரத்தில் மன அமைதி தேடுவோருக்காக அது எழுதப்படவில்லை என்பதை அதைப் படிக்கும் பலரும் அறிவதில்லை.

சிறுமியும் கொள்ளையனும்

போர் முடிந்த பின் இன்னொரு துயரம் தொடங்கியது. இலட்சக்கணக்கானோர் சிறு படகுகளில் கடலில் இறங்கினர். சயாம் வளைகுடாவில் கடற்கொள்ளையர் அவர்களை மறித்தனர். ஒரு நாள் வந்த கடிதம், கொள்ளையனால் மானபங்கம் செய்யப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி கடலில் குதித்து இறந்ததைத் தெரிவித்தது.

படித்ததும் நாட் ஹானுக்கு எழுந்தது கொள்ளையன்மீது கோபம். சிறுமியின் பக்கம் நிற்பது எளிது என்று அவரே கூறியிருக்கிறார். நீண்ட நேரம் தியானத்தில் அமர்ந்தார். ஒன்று தெரிந்தது. அந்தக் கொள்ளையன் பிறந்த மீனவக் கிராமத்தில், அதே வறுமையில், அதே கல்வியின்மையில் தாம் பிறந்து வளர்ந்திருந்தால் தாமும் அவன் ஆகியிருக்கக் கூடும். 'உண்மைப் பெயர்களால் என்னை அழையுங்கள்' என்ற கவிதை அப்படிப் பிறந்தது. அதில் பேசும் குரல் சிறுமியாகவும் இருக்கிறது, கொள்ளையனாகவும் இருக்கிறது.

இது நியாயமா என்று கேட்கத் தோன்றும். கேட்கத்தான் வேண்டும். துன்புற்றவளையும் துன்புறுத்தியவனையும் ஒரே தட்டில் வைப்பது, துன்புற்றவளுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி ஆகாதா? கவிதையை மட்டும் தனியே எடுத்துப் படித்தால் இந்த ஐயம் தீராது. அவர் அதைப் பற்றிப் பேசியவற்றையும் சேர்த்து நோக்க வேண்டும். கொள்ளையனைச் சுட்டு வீழ்த்தலாம். ஆனால் அந்த வளைகுடாவின் கரையில் இன்றைக்கும் நூற்றுக்கணக்கான குழந்தைகள் பிறக்கின்றன. கல்வியாளர்களும் சமூகப் பணியாளர்களும் ஆட்சியாளர்களும் எதுவும் செய்யாவிட்டால், இருபத்தைந்து ஆண்டுகளில் அவற்றுட் சில கொள்ளையர் ஆகும் என்றார் அவர். கவிதை சென்று முடியும் இடம் மன்னிப்பு அன்று. ஒரு தொட்டிலும் ஒரு பள்ளிக்கூடமும் ஆகும். மரத்தடியில் எழுத்துக் கற்பித்த அந்த இளைஞர்களிடமே அது திரும்ப வந்து சேர்கிறது. இந்தக் கவிதையை எழுதியவர் 1976-77இல் சிங்கப்பூரில் இருந்துகொண்டு, கப்பல்களை அமர்த்திக் கடலில் தத்தளித்தோரை மீட்க முயன்றவர் என்பதையும் மறக்கலாகாது. கையால் செய்து பார்த்தவருக்கே அப்படி எழுதும் உரிமை உண்டு.

1982இல் பிரான்சின் தென்மேற்கில் அவர் அமைத்த 'பிளம் வில்லேஜ்' ஆசிரமத்தில் 1250 பிளம் மரங்கள் நடப்பட்டன. பழ விற்பனையில் வரும் பணம் வியட்நாமின் ஏழைக் குழந்தைகளுக்கு என்பது ஏற்பாடு. 2008இல் இந்தியா வந்தபோது, காந்தியடிகள் பிறந்த நாளன்று வெளியாகும் டைம்ஸ் ஆஃப் இந்தியா இதழுக்குச் சிறப்பாசிரியராக இருந்தார். குண்டுவெடிப்புகள் நிகழ்ந்துகொண்டிருந்த காலம் அது. வன்முறைச் செய்தியை மறைக்க வேண்டாம், படிப்பவர் நெஞ்சில் அச்சத்தையும் கோபத்தையும் வளர்க்காத வகையில் எழுதுங்கள் என்பதே செய்தியாளர்களுக்கு அவர் கூறியது.

2005இல், முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், தாய்நாட்டில் கால் வைத்தார். 2014இல் பக்கவாதம் அவர் பேச்சைப் பறித்தது. 2018இல் து ஹியு ஆலயத்துக்கே திரும்பி, 2022 ஜனவரி 22ஆம் நாள் அங்கேயே மறைந்தார்.

இவற்றுக்கிடையே 2007ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று உண்டு. போரில் இறந்தவர்களுக்காக மூன்று நகரங்களில் பெரும் வழிபாடு நடத்த அவர் வந்தார். எல்லோருக்காகவும் சமமாக வேண்டி, அநியாயத் துயரின் முடிச்சுகளை அவிழ்க்கும் வழிபாடு என்பது அவர் வைத்த பெயர். அதிகாரிகள் ஏற்கவில்லை. தெற்குப் படையினருக்காகவும் அமெரிக்கப் படைவீரருக்காகவும் 'சமமாக' எப்படி வேண்டுவது என்றனர். நாட் ஹான் வாதிடவில்லை. பெயர் 'பெரும் வழிபாடு' என்று சுருக்கப்பட்டது. 'சமமாக' என்ற சொல் நீங்கியது. ஹோ சி மின் நகரிலும் ஹூவேயிலும் ஹனோயிலும் வழிபாடு நடந்தது.