ராத்திரி நிறுத்தக் கூடாத மோட்டார்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

சிவகாசி, விருதுநகர் பக்கம் மீன் தொட்டி வைத்திருக்கும் பல வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் எழுந்ததும் ஏர் மோட்டாரைப் போடுவார்கள். படுக்கப் போகும்போது அணைத்துவிடுவார்கள். காரணம் கேட்டால், "அந்த 'உர்'ருங்கிற சத்தத்துல தூக்கம் வரலைங்க" என்பார்கள். விடியுமுன் எழுந்து ஆலை வேனுக்குக் கிளம்ப வேண்டியவருக்குத் தூக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தொட்டி மீனுக்குக் காற்று அதிகம் தேவைப்படுவதும் அதே இரவில்தான். சத்தம் போடுகிற பம்ப் எப்படியும் ஒருநாள் அணைக்கப்படும். அணைந்த பம்பால் மீனுக்குப் பயன் இல்லை. சத்தமில்லாத பம்பைத் தேடி வாங்குவது மீனின் உயிர் சம்பந்தப்பட்ட காரியம் என்று நான் சொல்வது இதனால்தான். நம் பக்கத்தில் இதைச் சுற்றி உலவும் நம்பிக்கைகள் சிலவற்றைப் பார்த்துவிடுவோம்.

"ராத்திரி மீனும் தூங்கும், காத்து எதுக்கு?"

மீன் ஓய்வெடுக்கும். செவுள் ஓய்வெடுக்காது. தொட்டியில் செடி இருந்தால் பகல் வெளிச்சத்தில் அது ஆக்சிஜனை வெளியிடும். விளக்கை அணைத்த பிறகு அதுவும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். சரளைக் கல்லிலும் ஃபில்டரிலும் இருந்து கழிவை மாற்றித் தரும் நுண்ணுயிர்களுக்கும் இரவு பகல் கிடையாது. எல்லோரும் எடுக்க, கொடுப்பவர் யாரும் இல்லாத நேரம் அது. அதனால் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடிவதற்குச் சற்று முன்புதான். "செடி வெச்சிருக்கேன், மோட்டார் வேண்டாம்" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதில் நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது 7.5 அளவுக்கு இறங்கிவிடும். 35 டிகிரியில் 7-க்கும் கீழே. இவை நீர் பிடித்துக்கொள்ளக்கூடிய உச்ச அளவுகள். மீன் நிறைந்த தொட்டியில் உண்மையில் இருப்பது இதைவிடக் குறைவு. சித்திரை, வைகாசியில் பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் கூரை இரவிலும் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். அப்போது தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடுவது சாதாரணம். சூடு ஏற ஏற மீனின் உடல் இன்னும் அதிகமாக ஆக்சிஜன் கேட்கும். குளிர்ந்த நீருக்குரிய தங்கமீன் இந்த இடத்தில்தான் முதலில் தவிக்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கை எனக்கு மிகவும் வருத்தம் தருவது. காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், "பசிக்குது போல" என்று ஒரு பிடி உணவைப் போடுகிறார்கள். பசித்த மீன் ஆளைக் கண்டதும் சுறுசுறுப்பாக ஓடிவரும். மூச்சுக்குத் தவிக்கும் மீனோ ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மேற்பரப்பை விட்டு இறங்காது; செவுள் வேகமாக அடித்துக்கொள்ளும். அந்த நிலையில் போடும் உணவு தின்னப்படாமல் அழுகி, இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் தின்றுவிடும். அப்போது செய்ய வேண்டியது பம்பை ஓடவிடுவது. பம்ப் இல்லையென்றால், தொட்டித் தண்ணீரையே ஒரு சொம்பில் எடுத்து உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றலாம்.

"குமிழி எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஆக்சிஜன்"

பாதிதான் சரி. சாதாரண வீட்டுத் தொட்டியில் தண்ணீர் ஒன்றரை அடி ஆழம் இருக்கும். ட்யூப் முனையில் மாட்டும் காற்றுக் கல்லிலிருந்து கிளம்பும் குமிழி இரண்டு வினாடியில் மேலே போய் உடைந்துவிடுகிறது. அதற்குள் அது தண்ணீருக்குக் கொடுப்பது கொஞ்சம்தான். குமிழியின் பெரிய உதவி வேறு: மேலே எழும்போது அடித்தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது, மேற்பரப்பைக் கலக்கிவிடுகிறது. காற்றும் நீரும் சந்திக்கும் அந்த மேற்பரப்பில்தான் ஆக்சிஜன் உள்ளே போகிறது, கரியமில வாயு வெளியே வருகிறது.

இது புரிந்தால் வாங்கும்போது பணம் மிச்சம். இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 56 லிட்டர் பிடிக்கும். அதற்கு நிமிடத்துக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் காற்று தரும் சின்ன பம்ப் போதும். நான்கு வாய் வைத்த பெரிய மோட்டார் வாங்கித் தொட்டியைக் கொதிக்கும் உலையாக்க வேண்டியதில்லை. ஃபைட்டர் மீனுக்கும் கௌராமிக்கும் மேலே வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இருக்கிறது. பலத்த நீரோட்டம் அவற்றை அலைக்கழிக்கும். வேறு ஃபில்டர் ஒன்று மேற்பரப்பை ஏற்கெனவே நன்றாகக் கலக்கிக்கொண்டிருந்தால் தனியாகக் கல்லே தேவையில்லை. உருண்டைக் கண்ணாடிக் குடுவை வைத்திருப்பவர்கள் கழுத்து வரை தண்ணீர் ஊற்றுவதை விட்டு, குடுவை அகலமாக இருக்கும் இடத்தோடு நிறுத்தினாலே காற்றுபடும் பரப்பு கூடிவிடும்.

"பெட்டியில 40 டெசிபல்னு போட்டிருக்கு, சத்தமே இருக்காது"

டெசிபல் என்ற சொல் சிவகாசிக்குப் புதிதல்ல. 1999-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்கிறது. அதில் தூரம் தெளிவாகச் சொல்லப்பட்டிருப்பதைப் பாருங்கள். தூரம் சொல்லாத டெசிபலுக்கு அர்த்தமே கிடையாது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும். பல பம்ப் பெட்டிகளில் எண் இருக்கும், எவ்வளவு தூரத்தில் அளந்தார்கள் என்பது இருக்காது. காற்றை வெறுமனே வெளியே விட்டு அளந்தார்களா, கல்லைத் தண்ணீருக்குள் இறக்கி அளந்தார்களா என்பதும் இருக்காது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் வைத்த அளவு 45 டெசிபல். 40 என்று எழுதிய பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது.

"வெடிச் சத்தத்துக்கே பழகின ஊரு, மோட்டார் சத்தம் என்ன பண்ணும்?" என்ற பேச்சும் உண்டு. வெடி ஒரு நொடியில் முடிந்துவிடும். பம்பின் முனகல் விடிய விடிய ஒரே சுரத்தில் நிற்கும். தெரு அடங்கியபின் அதற்குப் போட்டியாக வேறு ஒலியும் இருக்காது.

"காசு கூடக் கொடுத்தா சத்தம் குறையும்"

கொஞ்சம் குறையலாம். ஆனால் சத்தம் எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் எத்தனை பம்ப் மாற்றினாலும் தீராது. பெட்டிக்குள் ஒரு மின்காந்தச் சுருள் இருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதற்கு ஏற்ப, நுனியில் காந்தம் பொருத்திய ஒரு கை வினாடிக்கு 50 தடவை ஆடுகிறது. அந்தக் கை ஒரு ரப்பர் சவ்வை அழுத்தி இழுக்க, சின்ன ரப்பர் நாக்குகள் திறந்து மூடி காற்றைக் குழாய்க்குள் தள்ளுகின்றன. அடிப்படை முனகல் இவ்வளவுதான், இது சின்னது. பெரிதாக்குவது பெரும்பாலும் அதை வைத்திருக்கும் இடம். இரும்பு ஸ்டாண்ட், பிளைவுட் அலமாரி, தொட்டியின் கண்ணாடி, சுவர் இவற்றில் பம்ப் ஒட்டியிருந்தால் அந்தப் பலகை முழுக்கச் சேர்ந்து அதிரும். பம்பைக் கையில் தூக்கிப் பாருங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால் குற்றம் பம்பில் இல்லை. அடியில் தடித்த ரப்பர் துண்டோ ஸ்பாஞ்சோ வையுங்கள், அல்லது ஆணியில் நூல் கட்டிச் சுவரில் படாமல் தொங்கவிடுங்கள். ட்யூப் எங்காவது கண்ணாடியில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

கையில் தூக்கியும் 'கடகட'வென்றால் உள்ளே கோளாறு: திருகு தளர்ந்திருக்கும், சவ்வு கிழிந்திருக்கும், அல்லது கை நடுவிலிருந்து விலகியிருக்கும். சவ்வு தனியாகக் கிடைக்கும், மாற்றுவது எளிது. நன்றாக ஓடிய பம்ப் கரண்ட் போனதும் இன்வெர்ட்டரில் மட்டும் உறுமுகிறதா? சதுர அலை தரும் இன்வெர்ட்டர்களில் அப்படித்தான் இருக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்த உறுமல் வராது.

சத்தத்தை அடக்கத் துண்டைச் சுற்றி அலமாரிக்குள் அடைப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். உள்ளே சூடு தேங்கும், ரப்பர் சீக்கிரம் விறைத்துப்போகும். ட்யூபை மடக்கிக் கட்டிக் காற்றைக் குறைப்பதும் அதே போன்ற தவறு. போக வழியில்லாத காற்று சவ்வைத் திருப்பி அழுத்தும், முனகல் கூடும், ஒருநாள் சவ்வு கிழியும். காற்று அதிகமென்றால் ட்யூபில் ஒரு டி-வால்வு போட்டு மிச்சத்தை வெளியே விட்டுவிடுங்கள்.

"கல்லுல என்ன இருக்கு, எதையாவது போடுங்க"

கல்லுக்கும் சத்தத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வானியல் அறிஞர் மார்செல் மின்னார்ட் 1933-இல் நீர்க்குமிழிகளின் ஒலியைக் கணக்கிட்டுக் காட்டினார். குமிழியின் அளவே அதன் சுரத்தைத் தீர்மானிக்கிறது. 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி வினாடிக்குச் சுமார் 1,100 அதிர்வு தரும். 1 மில்லிமீட்டர் குமிழி 3,300 அளவில். கல் இல்லாத வெறும் ட்யூபிலிருந்து வரும் பெரிய குமிழிகள் 'களக் களக்' என்று அறை முழுக்கக் கேட்கும். கல்லிலிருந்து வரும் சிறு குமிழிகள் மெல்லிய 'சர்' ஒலியோடு போய்விடும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டால் நீரும் சுத்தமாகும். மீனை மட்டும் வளர்க்கும் வீட்டுக்கு என் தேர்வு அதுதான்.

மிக நுண்ணிய துளை உள்ள பீங்கான் கல், நீளமான குமிழிக் குழாய் இவை பார்க்க அழகு. ஆனால் காற்றை அவற்றின் வழியே தள்ள அழுத்தம் அதிகம் வேண்டும், சின்ன பம்ப் திணறும். தொட்டி ஆழமானால் பாரம் இன்னும் ஏறும். நம் பகுதி போர் தண்ணீர் வேறு உப்பும் சுண்ணாம்புமாக இருக்கிறது. கல்லின் துளைகளில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். பம்ப் பழையதாகிச் சத்தம் போடுகிறது என்று நினைக்கும் பல இடங்களில் மாற்ற வேண்டியது கல்தான். வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். முடியாவிட்டால் புதிதாக வாங்குங்கள், மலிவான பொருள்தான்.

"தீபாவளி வெடிக்கு மீன் செத்துப்போகும்"

காற்றில் வரும் ஒலி தண்ணீர்ப் பரப்பில் பட்டதும் அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு போலத்தான் உள்ளே இறங்கும். மீனை அதிரச் செய்வது பெரும்பாலும் தரை, ஸ்டாண்ட், கண்ணாடி வழியாக வரும் அதிர்வு. தங்கமீன், கெண்டை இனங்களுக்குக் காது கூர்மை. அவற்றின் காற்றுப்பையைக் காதோடு இணைக்கும் சிறு எலும்புகளை எர்ன்ஸ்ட் ஹெய்ன்ரிக் வெபர் 1820-இல் விவரித்தார். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், தண்ணீருக்குள் உரத்த இரைச்சலில் 21 நாள் வைத்திருந்த தங்கமீன்களுக்குக் கேட்கும் திறன் முழுதாகத் திரும்ப 14 நாள் பிடித்தது. வீட்டு பம்ப் அவ்வளவு இரைச்சல் போடாது. ஆனாலும் அதைத் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிவைக்காமல் இருப்பது மீனுக்கும் நல்லது. வெடி நேரத்தில் மீன் மிரண்டு துள்ளி வெளியே விழலாம். மூடி போட்டு வையுங்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை புகை. பம்ப் அறையில் உள்ள காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் செலுத்துகிறது. பட்டாசுப் புகையில் உள்ள கந்தக டைஆக்சைடு நீரில் எளிதில் கரையும். கொசுவர்த்தியிலும் கொசு விரட்டித் திரவத்திலும் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கடும் விஷம். கொசு விரட்டி மெஷின் செருகிய அதே பிளக் பலகையில் ஏர் பம்பையும் செருகி வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் பதறுகிறது. பம்பை வேறு பக்கம் மாற்றி, கொசு மருந்தைத் தொட்டி இல்லாத அறையில் போடுங்கள். தமிழ்நாட்டில் தீபாவளியன்று வெடிக்க அனுமதித்த காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 மணி நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். புகை அறைக்குள்ளேயே வந்துவிட்டால் அந்த ஒரு மணி நேரம் மட்டும் பம்பை நிறுத்தலாம். நெரிசல் இல்லாத தொட்டி அதைத் தாங்கும்.

"விடிய விடிய ஓடினா கரண்ட் பில் ஏறும்" என்ற பயத்துக்கு ஒரு கணக்கு: 3 வாட் பம்ப் இரண்டு மாதம் நிறுத்தாமல் ஓடினால் நான்கு யூனிட்டுக்குச் சற்று மேல். அவ்வளவுதான். கரண்ட் போகும்போதுதான் உண்மையான ஆபத்து. பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், நின்றவுடன் தொட்டி நீர் ட்யூப் வழியே பம்புக்குள் இறங்கி, பிளக் வரை வரலாம். பம்பை மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது ட்யூபில் நீரைத் திரும்ப விடாத செக் வால்வு போடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் நிற்கும் ஊர்களில் பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

அடுத்த முறை கடைக்குப் போனால், "அண்ணாச்சி, நல்ல மோட்டார் குடுங்க" என்று மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். ட்யூபும் கல்லும் மாட்டி, கல்லை உங்கள் தொட்டி ஆழத்துக்குத் தண்ணீரில் இறக்கி, பம்பை ஒரு மரப்பலகையில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைச் சந்தடியில் காதை நம்ப வேண்டாம், கையை மேலே வைத்து அதிர்வைப் பாருங்கள். மாற்றுச் சவ்வு கிடைக்குமா என்று கேளுங்கள், செக் வால்வையும் சேர்த்தே வாங்குங்கள். பம்ப் வீட்டுக்கு வந்தபின் முதல் இரவு சத்தம் தொந்தரவு செய்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். அடியில் ஒரு ஸ்பாஞ்சைச் செருகிவிட்டுப் படுங்கள்.