பிள்ளை மடுவமும் பிள்ளையின் விளையாட்டும்



காலையில் பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் தாய் தன் பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுச் செல்கிறாள். மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்து வந்து பிள்ளையைத் தூக்கிக்கொள்ளும்போது அவள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று: பிள்ளை சாப்பிட்டதா? தூங்கியதா? அழுததா? பிள்ளைக்கு மூன்று, நான்கு வயதாகிவிட்டால் நான்காவது கேள்வியும் சேர்ந்துகொள்ளும்: இன்றைக்கு என்ன எழுதினான்? இவை யாவும் நல்ல கேள்விகளே. ஆனால், "இன்றைக்கு என்ன விளையாடினான்?" என்று கேட்பவர் அரிது. அந்தக் கேள்வியையும் நாம் ஏன் கேட்கவேண்டும் என்பதே இவ்வாரப் பாடம்.

காவலிடமா, வளர்ப்பிடமா?

நமது தோட்டங்களில் பிள்ளை மடுவம் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது என்பதைவிட, தாய்மார் மலைக்குப் போவதற்காக ஏற்பட்டது என்பதே பொருந்தும். கொழுந்துக்குக் கைகள் தேவைப்பட்டன. கைக்குழந்தையோடு கொழுந்து பறிக்க முடியாது. ஆகவே ஒரு கட்டிடம், சில தொட்டில்கள், கூடை தூக்க இயலாத வயதான ஒரு பெண் காவலுக்கு என்பதே பழைய ஏற்பாடு. பிள்ளை கானில் விழாமல், அடுப்பில் சுடாமல் இருந்தால் அன்றைய கடமை முடிந்தது.

இந்நிலை மெல்ல மாறியது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் கைமாறியது. இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று நாம் அறியும் அமைப்பும் அதே ஆண்டிலேயே தொடங்கியது. பிள்ளை மடுவங்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் எனப் பெயர் பெற்றன. பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் அங்கே பணிக்கு வந்தார்கள். 2015இல் உலக வங்கி 5 கோடி அமெரிக்க டொலர் அளித்துத் தொடங்கிய முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தித் திட்டத்திலும் தோட்ட நிலையங்கள் சேர்க்கப்பட்டன.

காவல் என்ற எண்ணம் போய், அபிவிருத்தி என்ற பெயர் வந்துவிட்டது. ஆனால் பெயர்ப்பலகை மட்டும் பிள்ளையை வளர்த்துவிடாது. அந்தக் கட்டிடத்துக்குள் பிள்ளையின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதே கேள்வி.

இதே கேள்வி வேறோர் ஊரிலும் எழுந்ததுண்டு. உரோமை நகரின் சான் லொரன்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில், தாய் தந்தையர் வேலைக்குப் போன பின் பிள்ளைகள் குடியிருப்புச் சுவர்களைப் பாழாக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் இடம் தேவைப்பட்டது. 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி திறக்கப்பட்ட அந்த இடத்தை மரியா மொண்டிசோரி அம்மையாரிடம் ஒப்படைத்தார்கள். காவலுக்கென ஏற்பட்ட அந்த அறையில், பிள்ளைகள் தாமாகவே எடுத்து, அடுக்கி, ஊற்றி, துடைத்துப் பழகும் பொருட்களை அவர் வைத்தார். பிள்ளையின் இந்தச் செயல்களை அவர் விளையாட்டு என்று கூறாமல், பிள்ளையின் வேலை என்றே மதித்துக் கூறினார். இன்று அவருடைய பெயரைப் பலகையில் எழுதிவைத்துவிட்டு, மூன்று வயதுப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து "அ" எழுதச் சொல்லும் இடங்கள் உண்டு. அது அவர் காட்டிய வழி அன்று.

உரிமை என்று சொல்வது ஏன்?

சலுகை என்பது தருகிறவர் மனம்வைத்தால் கிடைப்பது. உரிமையோ, கிடைக்காதபோது கேட்டுப் பெறத்தக்கது. விளையாட்டு இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது?

1959இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட சிறுவர் உரிமைப் பிரகடனத்திலேயே விளையாட்டு இடம்பெற்றது. 1989ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் திகதி ஏற்றுக்கொள்ளப்பட்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆவது உறுப்புரை, ஓய்வும் வயதுக்கேற்ற விளையாட்டும் ஒவ்வொரு பிள்ளையினதும் உரிமை என்று கூறுகிறது. இலங்கை 1991இல் அதனை ஏற்று உறுதிசெய்தது. ஜூன் 11ஆம் நாளைச் சர்வதேச விளையாட்டு தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2024இல் அறிவித்தது. இவ்வுரிமை கொழும்பில் பங்களாவில் பிறந்த பிள்ளைக்கு ஒருவிதமாகவும், ஹற்றனில் லயத்தில் பிறந்த பிள்ளைக்கு வேறுவிதமாகவும் எழுதப்படவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

விளையாடும்போது நடப்பது என்ன?

நான்கு பிள்ளைகள் கொழுந்து பறித்து விளையாடுவதைக் கவனித்துப் பாருங்கள். ஒருத்தி தலையில் துணியைக் கட்டிக்கொள்கிறாள். ஒருவன் கணக்கப்பிள்ளை ஆகிறான். புல்லைப் பறித்துப் பழைய பையில் சேர்க்கிறார்கள். எது பாரம், எது பாரமில்லை என்று தூக்கிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறார்கள், வாதாடுகிறார்கள், "இப்போது என் முறை" என்று காத்திருக்கிறார்கள். நிறை, எண், பேச்சு, பொறுமை, நியாயம் ஆகிய ஐந்து பாடங்கள் புத்தகமின்றியே அங்கு நடந்துவிட்டன.

"விளையாட்டிலும் கொழுந்துதானா?" என்று சிலர் வருந்தலாம். வருந்தவேண்டாம். அதே பிள்ளை நாளைக்கு டீச்சராகும். மறுநாள் பஸ் ஓட்டும். அதற்கடுத்த நாள் டொக்டராகி ஊசி போடும். தான் கண்ட வாழ்க்கையைக் கையில் எடுத்து மாற்றிப் பார்க்கும் துணிவைப் பிள்ளை விளையாட்டிலேதான் முதலில் பெறுகிறது.

"சாப்பாட்டுக்கே வழியில்லை, விளையாட்டா?"

இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்த 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் 100க்கு 17 பேர் அளவில் இருந்தார்கள். தோட்டப் பகுதியிலோ 100க்கு 32 பேர் அளவில் இருந்தார்கள். ஆகவே உணவைப் பற்றிய கவலை நியாயமானதே.

ஆனால் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கே விளையாட்டு கூடுதலாகத் தேவை என்பதற்குச் சான்று உண்டு. ஜமெய்க்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் 1986-87 காலத்தில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்து ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்குச் சத்துணவு, சிலருக்கு விளையாட்டு, சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. விளையாட்டு என்றது இவ்வளவே: சுகாதாரப் பணியாளர் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்து, வீட்டில் கிடைக்கும் பொருட்களால் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு குழந்தையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுப்பார். இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. அக்குழந்தைகள் 22 வயதானபோது, விளையாட்டைப் பெற்றிருந்தவர்கள் பெறாதவர்களைவிட ஏறக்குறைய 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று 2014இல் வெளியான முடிவு கூறுகிறது. சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் இத்தகைய நீடித்த பயன் காணப்படவில்லை. உணவு வேண்டாம் என்பது இதன் பொருளன்று. உணவு உடலைத் தாங்குகிறது. விளையாட்டும் பேச்சும் அறிவை விழிக்கச் செய்கின்றன. ஒன்றைக் கொடுத்து மற்றதை மறுப்பது பிள்ளைக்குப் பாதி வளர்ப்பே.

எழுத்து வேண்டாமா?

"என் பிள்ளை என்னைப்போல் மலைக்குப் போகக்கூடாது, அதனால் சீக்கிரம் எழுதப் பழகட்டும்" என்று ஒரு தாய் சொன்னால், அந்த ஆசைக்கு நாம் தலைவணங்கவேண்டும். ஆசை சரி, வழிதான் சரியில்லை. பென்சிலைப் பிடிக்க விரலுக்குப் பலம் வேண்டும். அந்தப் பலம் களிமண் பிசைவதிலும், விதை பொறுக்குவதிலும், மணலில் கோடு கிழிப்பதிலும் வருகிறது. வாசிக்கச் சொற்கள் வேண்டும். அவை கதையிலும் பாட்டிலும் பேச்சிலும் சேர்கின்றன. மூன்று வயதில் அடிக்குப் பயந்து எழுதிய பிள்ளை, முதலாம் ஆண்டுக்குப் போகும் முன்னரே படிப்பை வெறுக்கத் தொடங்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. வீட்டில்: பணம் தேவையில்லை. வெறும் டப்பாக்கள், துணிப்பொம்மை, மரக்குச்சிகள், ஐந்து கற்கள் போதும். ஆயின் சிறு குழந்தை வாயில் போட்டு விழுங்கக்கூடிய எதையும் கொடுக்காதீர்கள். களைக்கொல்லி, மருந்து வந்த கொள்கலன்கள் கழுவியிருந்தாலும் விளையாட்டுக்கு ஆகா. அழும் பிள்ளையை அடக்கக் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டு நாம் விலகிக்கொள்வது விளையாட்டாகாது. தந்தையும் தினமும் கால்மணி நேரம் பிள்ளையோடு இஸ்தோப்பில் உட்கார்ந்து விளையாடலாம்.

2. மூத்த பிள்ளைகள் விடயத்தில்: தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டே நாளைக் கழிக்கும் எட்டு வயது அக்காளும் ஒரு பிள்ளையே. அவளுக்கும் கை வீசி ஓட நேரம் கொடுங்கள்.

3. நிலையத்தில்: மழைக்காலத்தில் நுவரெலியாப் பக்கம் பிள்ளைகள் நாட்கணக்கில் வெளியே போகமுடியாது. உள்ளே தொட்டில்களுக்கு அப்பால் தவழவும் ஓடவும் இடமிருக்கிறதா? வெளியே வேலியிட்ட சமதரை இருக்கிறதா? விளையாட்டுச் சாமான்கள் பிள்ளைகளின் கைக்கு எட்டுகின்றனவா, அல்லது யாராவது பார்வையிட வரும் நாளில் மட்டும் அலுமாரியிலிருந்து இறங்குகின்றனவா? உத்தியோகத்தரைக் குறை கூறுவதற்காக அன்றி, அவருக்குத் துணைநிற்பதற்காக இவற்றைக் கேளுங்கள். பல பிள்ளைகளை ஒருவரே பார்த்துக்கொண்டால், அவரால் காவல் மட்டுமே செய்யமுடியும்.

4. தோட்டத்தில்: தலைவர்மார் சம்பளத்தைப் பற்றியும் பேரைப் பற்றியும் துரையிடம் பேசும்போது, பிள்ளை மடுவத்தின் நிலத்தையும் கூரையையும் ஆட்பலத்தையும் பற்றியும் பேசட்டும். உரிமை என்பதைக் கேட்பதற்கு வெட்கம் தேவையில்லை.

குடும்பத்தில் கூடிச் சிந்திப்பதற்கு

1. நம் பிள்ளை நேற்று யாரோடு, என்ன விளையாடியது? நமக்குத் தெரியுமா?
2. நம் லயத்தில் பிள்ளைகள் பயமின்றி ஓடி விளையாடும் இடம் எது? அதைத் துப்புரவாக்க யார் யார் கைகொடுக்கலாம்?
3. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நாம் கேட்கப்போகும் ஒரு கேள்வி எது?

நாளை மாலை பிள்ளையைத் தூக்கிக்கொள்ளும்போது ஐந்தாவது கேள்வியையும் கேளுங்கள். விடையைப் பிள்ளையிடமே கேட்டால் இன்னும் நல்லது. வழி நெடுகிலும் அது சொல்லிக்கொண்டே வரும்.