கணினி விழித்தெழாதபோது

இம்மலரின் பொருட்டுப் பழைய மாணவர் பலர் தந்துதவிய நிழற்படங்களும், முன்னாளில் வெளிவந்த கல்லூரிச் சஞ்சிகைகளின் பக்கங்களும் ஒளிவருடியாற் படியெடுக்கப்பெற்று நூலகத்துக் கணினியொன்றிற் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. வன்னியில் இத்தகைய பொருள்களின் அருமை யாவரும் அறிந்ததே. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் எத்தனையோ வீட்டுப் பெட்டகங்கள் விட்ட இடத்திலேயே அழிந்தன. எஞ்சியவற்றுட் பல, அதற்கு முன்னரே வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பப்பட்டிருந்த பிரதிகளேயாம். அவற்றைக் கேட்டுப் பெற்றுப் படியெடுத்து உரியவரிடம் திருப்பிக் கொடுத்திருந்தோம். படங்களைத் தந்த முதியவர் ஒருவர் பின்னர்க் காலமும் ஆயினார். இவ்வருமையெல்லாம் அறிந்திருந்தும், வேறோரிடத்தில் இரண்டாம் படி எடுத்து வையாதிருந்தது என் பிழையே.

அக்கணினி ஒருநாள் விழித்தெழ மறுத்தது. அதன் காரணத்தை ஆராயப் புகுந்தபோது கற்றுக்கொண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றேன். தமிழாசிரியனுக்கு இதிலென்ன வேலை என்று வினவுவோர் இருப்பர். சொல்லின் பிறப்பையும் புணர்ப்பையும் ஆராய்பவனுக்கு, ஒரு பொறி பகுதி பகுதியாய்ப் புணர்ந்து எழும் முறை முற்றிலும் அந்நியமான பாடமன்று.

நிகழ்ந்தது இது. விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு வழங்கப்பட்டுவந்த பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியோடு முடிவுற்றது. அடுத்ததாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறினை வேண்டுவது; எமது கணினியோ அதற்கு முற்பட்டது. இது வருமென்று அறிந்தே விண்டோசுக்குப் பக்கத்தில் லினக்ஸ் மின்ட் 21 என்னும் இலவச முறைமையையும் முன்னரே நிறுவியிருந்தோம். அதனை நீக்கி, 2029 வரை ஆதரவுடைய 22 ஆம் பதிப்பை விடுமுறையில் யானே நிறுவினேன். பழைய பதிப்பு வன்வட்டின் ஆறாம் பிரிவில் இருந்தது. அதனையும் அதனருகிலிருந்த சிறு பிரிவையும் ஒன்றாக்கியமையாற் புதிய பதிப்பு ஐந்தாம் பிரிவில் அமைந்தது. நிறுவல் குறைவின்றி முடிந்ததாகத் திரை கூறிற்று. கணினியை மீளத் தொடக்கினேன். கரிய திரையில் இரண்டே வரிகள் தோன்றின: 'அத்தகைய பிரிவு இல்லை' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரொன்று, அதன்கீழ் 'கிரப் ரெஸ்கியூ' என்னுஞ் சொற்களும், பக்கத்தே மின்னி மின்னி மறையும் ஒரு கோடும். விண்டோசும் எழவில்லை, லினக்சும் எழவில்லை.

திருத்தகமொன்றிற்குக் கொண்டுசென்றேன். வட்டு முழுவதையுந் துடைத்துப் புதிதாகப் போடுவதொன்றே வழி என்றனர். படங்கள் என்னாகும் என்றேன். அவை போனவைதாம் என்றனர். கணினியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இனி, கணினி எழும் முறையை நோக்குவோம். மின்விசையை அழுத்துங் கணத்தில் அதன் நினைவகம் வெறுமையாயிருக்கும். வட்டிலுள்ள நிரலை நினைவகத்துக்குக் கொணர்வது பணிசெயல் முறைமையின் தொழில். ஆனால் அம்முறைமையும் வட்டிலேயே கிடக்கின்றது. அவ்வாறாயின் அதனைக் கொணர்வது யார்? சப்பாத்தின் பின்புறத்து வாரைப் பற்றித் தன்னைத் தானே மேலே தூக்குவது பற்றி ஆங்கிலத்தில் ஒரு வழக்குண்டு. அவ்வாரின் பெயராகிய 'பூட்ஸ்ட்ராப்' என்பதன் சுருக்கமே கணினியிற் 'பூட்' என வழங்குகின்றது. 'பூட்லோடர்' என்பதனை நாம் தொடக்க ஏற்றி என்போம்.

இவ்விடுகதை படிப்படியாக விடுவிக்கப்படுகின்றது. தாய்ப்பலகையிலுள்ள சில்லொன்றில் மின்சாரம் நின்றாலும் அழியாத சிறு நிரலொன்று உண்டு. பழைய கணினிகளில் அதற்குப் பயோஸ் என்று பெயர். அது உறுப்புகளைச் சோதித்தபின், எந்த வட்டினின்று தொடங்குக எனக் குறித்து வைக்கப்பட்டுள்ளதோ அவ்வட்டின் முதற்கூற்றை மாத்திரம் படிக்கும். அம்முதற்கூறு 512 பைற்று அளவினது. அதில் 446 பைற்று தொடக்க ஏற்றியின் முதற்றுண்டுக்கும், 64 பைற்று வட்டின் பிரிவுகளைக் கூறும் அட்டவணைக்கும், 2 பைற்று முத்திரைக்கும் உரியன. 446 பைற்று எவ்வளவு என்று அறிய விரும்பும் மாணவர் குறட்பாக்கள் மூன்றை ஒருங்குறியில் எழுதிப் பார்க்கலாம், ஏறக்குறைய அவ்வளவே. அச்சிறு துண்டினால் ஒன்றே ஒன்று இயலும்: அடுத்த துண்டை அழைத்தல்.

லினக்சோடு வரும் தொடக்க ஏற்றியின் பெயர் கிரப். அதன் இரண்டாந் துண்டு, வட்டின் முதற்கூற்றுக்கும் முதற்பிரிவுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் இருக்கும். மூன்றாவது பகுதி லினக்ஸ் பிரிவினுள்ளே 'பூட்' என்னும் கோப்புறையில், உட்பகுதிகள் பலவாகவும் ஓர் ஒழுங்குக் கோப்பாகவும் இருக்கும். எந்த முறைமை வேண்டுமெனக் கேட்கும் பட்டியலைக் காட்டுவது அம்மூன்றாவதே. நாம் தெரிந்ததும் முறைமையின் கருவை நினைவகத்தில் ஏற்றிவிட்டுத் தொடக்க ஏற்றி ஒதுங்கிக்கொள்ளும்.

இதனாற் பெறப்படுவது யாது? இரணைமடுக் குளம் நிறைந்து கிடக்கின்றது, துருசு திறபடவில்லை, வாய்க்காலில் நீரில்லை. அதனாற் குளத்தில் நீரில்லை என்போமா? துருசைத் திருத்துவதை விடுத்துக் குளக்கட்டை வெட்டுவோமா? தொடக்க ஏற்றி தவறிய கணினியில் நாம் எழுதிய எழுத்தும் சேர்த்த படமும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றை உண்மையில் அழிப்பது பின்னர் அவசரத்திற் செய்யப்படும் துடைப்பே.

ஆகையாற் பழுது எப்படியிருந்தாலும் முதலிற் செய்யத்தக்கது படைத்த பொருளைக் காணலும் காத்தலுமாம். லினக்ஸ் நிறுவற் கோப்பு எழுதப்பட்ட பென்ட்ரைவ் ஒன்றினால் கணினியைத் தொடக்கி, 'நிறுவுக' என்பதை அழுத்தாது, வட்டைத் தொடாமலே அம்முறைமையை நடத்தலாம். யான் அவ்வாறு தொடக்கி விண்டோஸ் பிரிவைத் திறந்தேன். படங்கள் யாவும் வைத்தபடியே இருந்தன. அவற்றை வெளிவட்டொன்றிற் படியெடுத்து முடிக்க அன்று மாலையாயிற்று. அதன்பின்னரே நிம்மதியாகச் சிந்திக்க முடிந்தது.

அடுத்தது நோயறிதல். எழுச்சி எந்தப் படியில் நின்றது என்பதைத் திரையே காட்டும். தொடக்கத்தக்க வட்டு இல்லை என்று பயோஸ் கூறின், அது தேடிய இடத்தில் முதற்றுண்டே இல்லை. வட்டின் இணைப்புக் கம்பியையும் வட்டுகளின் தேடல் வரிசையையும் நோக்குக. 'கிரப் ரெஸ்கியூ' என்று வரின், முதலிரு துண்டுகளும் எழுந்தன, மூன்றாவதைக் காணவில்லை. 'ரெஸ்கியூ' இன்றிக் 'கிரப்' என்று மாத்திரம் வரின், மூன்றாவது பகுதி கிடைத்தது, ஒழுங்குக் கோப்புக் கிடைக்கவில்லை. பட்டியல் தோன்றி, ஒன்றைத் தெரிந்தபின் திரை இருளுமாயின், தொடக்க ஏற்றி தன் கடமையைச் செய்துவிட்டது. குற்றம் கருவிலோ திரைக்கான இயக்கியிலோ இருக்கின்றது. இவ்வேறுபாட்டை அறியாது கிரப்பை மீண்டும் மீண்டும் நிறுவி நாளைக் கழிப்போர் பலர்.

எமது நோய் இரண்டாம் வகையினது. ஆறாம் பிரிவு இப்போது இல்லை. பழைய கிரப்போ ஆறாம் பிரிவையே தேடிற்று. ஆயின் புதிய கிரப் எங்கே சென்றது? அஃது அப்போது விளங்கவில்லை. கைந்நூலில் உள்ளவாறு மூன்றாம் பகுதி ஐந்தாம் பிரிவில் உள்ளதென விசைப்பலகையால் உணர்த்தி, அதனை ஏற்றுமாறு கட்டளையிட்டேன். 'குறியீடு கிடைக்கவில்லை' என்று மறுத்தது. முதலிரு துண்டுகள் பழைய பதிப்பின. மூன்றாவது புதிய பதிப்பினது. ஒன்று விடுக்கும் அழைப்பை மற்றது அறியவில்லை. இத்தகைய பொருத்தமின்மை கற்றோரையும் விட்டதில்லை. 2022 ஆகஸ்டில் ஆர்ச் லினக்ஸ் பயனர் பலரின் கணினிகள் கிரப் புதுப்பிப்பொன்றின்பின் எழாமற் போயின. அங்கும், புதிய ஒழுங்குக் கோப்போடு முன்னரே நிறுவப்பட்டிருந்த பழைய தொடக்க ஏற்றி பொருந்தாமையே காரணம்.

வவுனியாவிற் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். முழுவதையுங் கேட்டபின், "சேர், அந்தக் கணினிக்குள்ளை எத்தினை வட்டு இருக்கு?" என்றார்.

இரண்டு இருந்தன. இடம் போதாமையாற் பின்னர்ச் சேர்த்த சிறு வட்டொன்று உண்டு.

"அப்ப ஒண்டையும் அழிக்காதேங்கோ. எஃப் 12 ஐ அழுத்தி மற்ற வட்டிலை இருந்து தொடக்கிப் பாருங்கோ."

அழுத்தினேன். மற்ற வட்டைத் தெரிந்தேன். புதிய மின்ட் எழுந்து நின்றது!

நிறுவலின்போது 'தொடக்க ஏற்றியை எவ்வட்டில் வைப்பது?' என்றொரு சிறு வினா திரையின் அடியில் இருந்தது. அதன் விடையாக 'எஸ்.டி.ஏ.' என்னும் பெயர் முன்னரே இடப்பட்டிருந்தது. அது முதல் வட்டையே குறிக்கும் எனக் கருதி விட்டுவிட்டேன். லினக்ஸ் வட்டுகளுக்கு இடும் பெயர் அவை காணப்படும் வரிசையைப் பற்றியது. எமது கணினியில் அப்பெயர் பின்னர்ச் சேர்த்த வட்டுக்குச் சென்றிருந்தது. பயோசோ பழைய வட்டினின்றே தொடக்கிற்று. வட்டுகளைப் பெயரால் அறியாது அளவாலும் வகையெண்ணாலும் அறிதல் வேண்டும் என்று அன்று கற்றேன்.

எழுந்த முறைமையினுள்ளிருந்து 'கிரப்-இன்ஸ்டால்' என்னுங் கட்டளையைப் பழைய வட்டின் பெயரோடு கொடுக்க, அதன் தொடக்கத்திற் புதிய துண்டுகள் அமைந்தன. இங்கே பிரிவின் எண்ணைச் சேர்த்தல் ஆகாது; வட்டின் பெயர் மாத்திரமே வரல் வேண்டும். பின்னர் 'அப்டேட்-கிரப்' என்னுங் கட்டளையாற் பட்டியல் புதுக்கப்பட்டது. அப்பட்டியலில் விண்டோசைக் காணோம்! அதுவும் பழுதன்று. 2021 இல் வெளிவந்த 2.06 ஆம் பதிப்பு முதலாகக் கிரப், பாதுகாப்புக் கருதிப் பிற முறைமைகளை இயல்பாகத் தேடுவதில்லை. தேடுக என்று ஒழுங்குக் கோப்பில் ஒரு வரி எழுதினாற் போதும்.

எந்த முறைமையும் எழாத கணினியாயின், பென்ட்ரைவிலிருந்து தொடக்கி, நிறுவிய பிரிவை ஏற்றி, அதனுட் புகுந்து இக்கட்டளைகளையே கொடுப்பர். பெரும்பாலான பயோஸ் வகைப் பழுதுகள் இவ்வளவில் தீர்ந்துவிடும்.

புதிய கணினிகளிற் பயோசுக்குப் பதிலாக யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் முறை வழங்குகின்றது. அது முதற்கூற்றைப் படிப்பதில்லை. வட்டில் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட சிறு பிரிவில் தொடக்க ஏற்றி கோப்பாகவே இருக்கும். அதன் பெயரும் இடமும் தாய்ப்பலகையின் நினைவிற் குறிக்கப்பட்டிருக்கும். கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இருக்கின்ற முறைமை எம்முறையில் நிறுவப்பட்டதோ அம்முறையிலேயே புதியதையும் நிறுவல் வேண்டும். ஒன்று பயோஸ் வழியிலும் மற்றது யூ.ஈ.எஃப்.ஐ. வழியிலும் அமைந்தால், ஒரு பட்டியலில் இரண்டையும் காண்டல் அரிது. விண்டோசின் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்திற் 'பயோஸ் மோட்' என்ற வரி இதனைக் கூறும்.

அம்முறையில் 'செக்யூர் பூட்' என்றொரு காவலும் உண்டு. ஒப்பமிடப்பட்ட தொடக்க ஏற்றியையே அது அநுமதிக்கும். 2024 ஆகஸ்ட் 13 ஆந் திகதி வெளியான விண்டோஸ் புதுப்பிப்பொன்று, குறையுடைய பழைய தொடக்க ஏற்றிகளைத் தடைசெய்யும் பட்டியலொன்றை இக்காவலிற் சேர்த்தது. இரு முறைமைகள் உள்ள கணினிகளை அது தீண்டாது என அறிவித்திருந்தனர். ஆயின் அவற்றுட் பலவற்றை அது கண்டறியவில்லை. அவற்றில் லினக்சைத் தொடக்கியோர், ஏதோ பெருந்தவறு நேர்ந்துவிட்டது என்னும் வாசகத்தையே கண்டனர். அன்றும் வட்டிலிருந்த எதுவும் கெடவில்லை. செக்யூர் பூட்டைச் சிறிதுநேரம் நிறுத்தி, லினக்சை எழுப்பி, அப்பட்டியலை நீக்கும் கட்டளையைக் கொடுத்து, மீண்டும் காவலை இயக்குவதே மருந்தாயிருந்தது.

எமது பகுதிப் பாடசாலைகளுக்கு மற்றொரு பழுதையுஞ் சொல்லல் வேண்டும். நன்கொடையாக வரும் பழைய கணினிகளின் தாய்ப்பலகையில் சி.ஆர். 2032 என்னும் காசளவான மின்கலம் உண்டு. அது தளர்ந்தபின், மின்சாரம் நின்று வருந்தோறும் கணினி தன் நாளையும் வட்டு வரிசையையும் மறந்துவிடும். நேற்றுச் சரியாயெழுந்தது இன்று எழாது. திகதி பல்லாண்டு பின்னோக்கிக் கிடக்குமாயின், தொடக்க ஏற்றியைப் பழிக்குமுன் அம்மின்கலத்தை மாற்றிப் பார்த்தல் தகும். விலை சிறிது, மாற்றவும் சில நிமிடமே ஆகும்.

எமது நூலகத்துக் கணினியின் மூடியின் உட்புறத்தில், உள்ளே இரு வட்டுகள் உள என்பதும், அவற்றின் அளவும், எஃப் 12 என்பதும் இப்போது ஒரு தாளில் எழுதி ஒட்டப்பட்டுள்ளன. படங்களின் இரண்டாம் படி நூலகரின் அலுமாரியில் இருக்கின்றது. மூன்றாம் படியை அந்த வவுனியா மாணவர் தம் வீட்டிற்குக் கொண்டுசென்றார்.