இடது காலும் இடது கையும்: மேனுவல் கியர் கார் வைத்திருப்பவர்களுக்கு

இன்ஜின் ஆயிலைக் காலம் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட கியர்பாக்ஸை மறந்துவிடுகிறார்கள். பானெட்டைத் திறந்தாலும் அது சட்டென்று கண்ணில் படாது. டேஷ்போர்டில் அதற்கென்று எச்சரிக்கை விளக்கும் கிடையாது. சத்தம் வந்த பிறகுதான் நினைப்பு வரும். அதற்குள் பல நேரங்களில் பெட்டியையே இறக்க வேண்டிய நிலை வந்துவிடும். மேனுவல் கியர்பாக்ஸ் தானாகக் கெட்டுப்போவது அரிது. இடது காலின் பழக்கமும் இடது கையின் பழக்கமும் மாற்றாமல் விட்ட ஆயிலும்தான் பெரும்பாலும் அதைக் கெடுக்கின்றன. மூன்றையுமே நாம் சரிசெய்துகொள்ள முடியும்.

செய்யக்கூடாதவை

கிளட்ச் மேல் காலை வைத்தபடி ஓட்டாதீர்கள். நகர நெரிசலில் ஓட்டிப் பழகிய பலருக்கு, நெடுஞ்சாலையிலும் இடது கால் கிளட்ச் மேலேயே இருக்கும். அழுத்தவில்லையே, சும்மாதானே வைத்திருக்கிறேன் என்பார்கள். அந்தக் காலின் எடையே போதும். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் பிடி கொஞ்சம் தளரும். கிளட்ச் பிளேட் லேசாக வழுக்கித் தேயும். அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் ஓய்வில்லாமல் சுமையோடு சுழலும். கியர் மாற்றி முடித்ததும் காலை எடுத்துப் பக்கத்தில் தரையில் வையுங்கள்.

மேம்பால ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிற்காதீர்கள். முன்னால் இருக்கிற வண்டி நகரும்வரை ஆக்சிலேட்டரும் பாதிக் கிளட்சுமாக நிற்பது திறமை என்று நினைக்கிறார்கள். அந்த நேரம் முழுக்க கிளட்ச் பிளேட்டும் ஃப்ளைவீலும் உரசிச் சூடேறிக்கொண்டிருக்கும். கருகிய வாடை வந்தால் பிளேட் எரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு நில்லுங்கள். கிளம்பும்போது கிளட்சை மெல்ல விட, ஓரிடத்தில் வண்டியின் முகப்பு லேசாக எழும்பும், இன்ஜின் சத்தம் சற்றுக் கனக்கும். அந்த இடத்தில் ஹேண்ட்பிரேக்கை இறக்கினால் வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாது. ஆளில்லாத ஏற்றமான தெருவில் கொஞ்ச நேரம் பழகினாலே இது கைவந்துவிடும்.

கியர் ராடு மேல் கையை ஓய்வாக வைக்காதீர்கள். ராடுக்குக் கீழே, பெட்டிக்குள், கியரைத் தள்ளுகிற ஃபோர்க் இருக்கிறது. கையின் எடை அந்த ஃபோர்க்கைச் சுழலும் ஸ்லீவ் மீது அழுத்தும். நாளடைவில் இரண்டும் தேய்ந்து, கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வரத் தொடங்கும்.

மலையிலிருந்து நியூட்ரலில் இறங்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பெட்ரோல், டீசல் மிச்சம் என்று நினைத்து இதைச் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் கணக்கு நேர்மாறானது. கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். எரிபொருள் அறவே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் தன் ஐட்லிங்குக்காகக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். அதைவிடப் பெரியது உயிர். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பிரேக் சூடாகிப் பிடிப்பு போய்விடும். சரிவு செங்குத்தாக இருந்தால் இரண்டாம் கியர், தேவைப்பட்டால் முதல் கியர். அந்தக் கியரையும் சரிவு தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். வேகம் எகிறிய பிறகு கீழ்க் கியருக்குத் தடுமாறுவதுதான் ஆபத்து.

ஐந்தாம் கியரிலிருந்து நேரே இரண்டுக்கு இழுக்காதீர்கள். அதிக வேகத்தில் அப்படிச் செய்தால் சக்கரம் இன்ஜினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றிவிடும், ஆர்.பி.எம். லிமிட்டரால் அதைத் தடுக்க முடியாது. கிளட்ச் பிளேட்டே சிதறக்கூடும்.

வண்டி முழுதாக நிற்பதற்குள் ரிவர்ஸ் போடாதீர்கள். 1928-ல் கேடில்லாக் கார்களில் வந்த சின்க்ரோமெஷ், இன்று எல்லா முன் கியர்களுக்கும் உண்டு. கியர் பல் கோக்கும் முன் கியர், ஷாஃப்ட் இரண்டின் வேகத்தையும் சமப்படுத்துவது அதன் பித்தளை வளையம். ஆனால் பல கார்களில் ரிவர்ஸுக்கு அந்த வளையம் கிடையாது. கிளட்சை முழுக்க மிதித்து, இரண்டு மூன்று விநாடி பொறுத்து, பிறகு போட்டால் ‘கறக்’ சத்தம் வராது. அப்படியும் விழவில்லையென்றால் முதல் கியரைத் தொட்டுவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். பலவந்தம் வேண்டாம்.

சிக்னலில் கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்தபடியே காத்திருப்பதும் கூடாது. நியூட்ரலுக்கு வாருங்கள், காலுக்கும் ரிலீஸ் பேரிங்குக்கும் ஓய்வு கிடைக்கும்.

செய்ய வேண்டியவை

முதலில் ஆயில். பல சிறிய கார்களின் கியர்பாக்ஸில் இருப்பது சுமார் 2 லிட்டர் ஆயில்தான். இன்ஜினுக்கு இருப்பதுபோல இதற்குப் பெரும்பாலும் ஃபில்டர் கிடையாது. தேய்ந்த உலோகத் தூள் அந்த ஆயிலிலேயே சுற்றும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். நெரிசலிலும் மலையிலும் ஓடுகிற வண்டிக்கு 50,000 கிலோமீட்டரைத் தாண்ட விடக் கூடாது என்பது என் கருத்து. கையேடு அதற்குக் குறைவாகச் சொன்னால் அதன்படியே மாற்றுங்கள்.

எந்த ஆயில் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கையேட்டில் 75டபிள்யூ-80, ஜி.எல்-4 என்பதுபோல இரண்டு விவரம் இருக்கும். முதலாவது ஆயிலின் கெட்டித்தன்மை. இரண்டாவது அதன் தரவகை. ஜி.எல்-4 கேட்கும் பெட்டிக்கு, ‘இது அதைவிட உயர்ந்தது’ என்று சொல்லி ஜி.எல்-5 ஊற்றுகிற கடைகள் உண்டு. எண் கூடினால் தரம் கூடியது என்பது இங்கே பொருந்தாது. ஜி.எல்-5 பின் அச்சு டிஃபரென்ஷியல் போன்ற, கடும் அழுத்தம் தாங்கும் பற்களுக்கானது. அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். சில வகைகள் சின்க்ரோமெஷின் பித்தளை வளையத்தை அரிக்கும். போதாதற்கு, பிடித்து நிறுத்த வேண்டிய வளையத்தை வழுக்கச் செய்துவிடும். பின் சக்கரத்தால் ஓடும் பெரிய வண்டிகளில் கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் தனித்தனி. இரண்டுக்கும் ஒரே டின்னிலிருந்து ஊற்றுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

மாற்றும்போது ஆயில் ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றச் சொல்லுங்கள், வடிக்கும் பிளக்கை அப்புறம். மேல் பிளக் துருவேறித் திறக்காமல் போனால், கீழே ஆயிலை வடித்துவிட்ட வண்டியை எங்கும் நகர்த்த முடியாது. வடிக்கும் பிளக்கின் முனையில் பல கார்களில் காந்தம் இருக்கும். அதை வாங்கி விரலால் தடவிப் பாருங்கள். மை போன்ற சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்துகிற சில்லோ பல்லின் துண்டோ இருந்தால், புது ஆயில் ஊற்றி மூடிவிடக் கூடாது. பெட்டியைத் திறந்து பார்த்தாக வேண்டும். பிளக்கின் வாஷர் புதிதாக இருக்கட்டும். பக்கவாட்டில் ஊற்றும் துளை இருக்கும் பெட்டியில், வண்டி சமதளத்தில் நிற்க, துளையின் விளிம்புவரை ஆயில் வந்து வழியத் தொடங்கினால் அளவு சரி.

வெள்ளத்தில் நின்ற வண்டியா? சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நீரில் நின்ற கார்களுக்கு இன்ஜினையும் சீட்டையும் கவனித்த அளவுக்குக் கியர்பாக்ஸைக் கவனித்தவர்கள் குறைவு. பெட்டியின் மேல் காற்று போக ஒரு சிறு பிரீதர் உண்டு. சூடான பெட்டி திடீரென்று தண்ணீரில் மூழ்கினால் உள்ளே காற்று சுருங்கும். அந்த வழியாகவே நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் நீர் புகுந்துவிட்டது என்று அறியலாம். உடனே வடித்துப் புதிது ஊற்றுங்கள். சில நாள் ஓட்டி மறுபடியும் ஒருமுறை மாற்றுங்கள்.

ஹைட்ராலிக் கிளட்சாக இருந்தால் பிரேக் ஆயில்தான் அதற்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. கேபிள் கிளட்சாக இருந்தால் பெடலின் ஃப்ரீபிளேயை, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடலில் இருக்கும் தளர்வை, சர்வீஸில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கை முதலில் போட்டு, பிரேக் பெடலை விட்டு, வண்டியின் பாரம் ஹேண்ட்பிரேக்கில் இறங்கிய பிறகு இன்ஜினை அணைத்துக் கியர் போடுங்கள். முகப்பு மேல்நோக்கி இருந்தால் முதல் கியர். கீழ்நோக்கி இருந்தால் ரிவர்ஸ்.

காது கொடுத்துக் கேளுங்கள். இன்ஜின் ஓட, நியூட்ரலில் வைத்துக் கிளட்சை மிதித்தால் சத்தம் வருகிறது, விட்டால் நிற்கிறது என்றால் அது ரிலீஸ் பேரிங். மாறாக, கிளட்சை விட்டிருக்கும்போது உறுமல் வந்து மிதித்ததும் நின்றால், கியர்பாக்ஸுக்குள் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகியுங்கள். சாலையில் நான்காம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் ஆர்.பி.எம். முள் மட்டும் தாவி, வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. இந்த விவரத்தோடு போனால் மெக்கானிக் ஊகத்தில் கை வைக்க வேண்டியிருக்காது.

கிளட்ச் பிளேட் மாற்றும் நாள் வந்தால், பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பெட்டியை இறக்கி ஏற்றுகிற கூலியே பெரிது; ஒரு பேரிங்குக்காக மறுபடி இறக்குவது வீண் செலவு. இறக்கியிருக்கும்போதே ஃப்ளைவீலில் வெடிப்போ நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்போ இருக்கிறதா, இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள். கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஊற்றிய ஆயிலின் கிரேடையும் கிலோமீட்டரையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.