வெள்ளியங்கிரி மலைப்பாதையைத் துப்புரவு செய்யப் போகிறவர்களுக்கு

பிப்ரவரி முதல் மே வரை கோவை அருகே உள்ள வெள்ளியங்கிரிக்குப் பக்தர்கள் ஏறுகிறார்கள். கூட்டம் ஓய்ந்த பிறகு, பாதை கடக்கும் ஏழு மலைகளிலும் குப்பை மிஞ்சுகிறது. யானை நடமாடும் காடு அது. உப்பும் எண்ணெயும் ஒட்டிய உறையை யானை அப்படியே விழுங்கிவிடும். கோவைப் பக்கத்தில் யானைச் சாணத்திலேயே பிளாஸ்டிக் கிடந்திருக்கிறது.

முதல் வேலை அனுமதி வாங்குவது. காப்புக்காட்டில் கேட்காமல் நுழைந்தால் குற்றம், நோக்கம் எவ்வளவு நல்லதானாலும். போளுவாம்பட்டி வனச்சரக அலுவலகத்தில் ஆட்களின் பெயர், நாள், எந்த மலை வரை என்று எழுதிக் கொடுங்கள். வனப் பணியாளர் ஒருவரைத் துணைக்குக் கேளுங்கள். அன்றைக்கு யானை எங்கே நிற்கிறது என்பதை அவரால்தான் சொல்ல முடியும்.

ஆளுக்கு ஒரு ஜோடி தடித்த கையுறை, நீண்ட இடுக்கி, இரண்டு சாக்கு, மூங்கில் தடி, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர். இவை போதும்.

விடிந்ததும் ஏறுங்கள், இறங்கும்போது பொறுக்குங்கள். பாதையில் கிடப்பது கொஞ்சம்தான். களைத்தவர்கள் உட்காரும் பாறைகளுக்குப் பின்னால், கடை போட்ட இடங்களுக்குக் கீழே உள்ள சரிவில், சுனையோரங்களில் தேடுங்கள். ஆண்டிச் சுனைப் பக்கம் குளித்தவர்கள் விட்டுப்போன துணியும் இருக்கும். பாட்டிலை மூடி கழற்றி மிதித்து நசுக்கினால் சாக்கு சீக்கிரம் நிறையாது. கண்ணாடிச் சில்லுக்குத் தனிச் சாக்கு. மிட்டாய் உறை, பாக்கு உறையைச் சின்னது என்று விட்டுவிடாதீர்கள். புல்லோடு சேர்ந்து விலங்கின் வாய்க்குப் போவது அதுதான். சரிவில் எட்டாததை எடுக்கப் போகவே கூடாது.

படிகளின் ஓரம் இலையும் மண்ணும் அடைத்திருந்தால் தடியால் தள்ளிவிடுங்கள். தண்ணீர் ஓரமாக வடியாவிட்டால் பாதை நடுவே பாய்ந்து மண்ணை அரித்துவிடும். விதைப்பந்து வீசும் ஆசை வேண்டாம். அந்தக் காட்டுக்கு வெளிவிதை தேவையில்லை.

பலரும் கோட்டைவிடுவது அடிவாரத்தில்தான். சாக்குகளை அங்கேயே குவித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினால் காற்றும் குரங்கும் பாதியைக் காட்டுக்கே திருப்பிவிடும். கொளுத்துவது அதைவிடக் கேடு. பாட்டிலைப் பழைய பொருள் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். பல அடுக்கு உறைகளை யாரும் வாங்க மாட்டார்கள். அவற்றை ஏற்றிச் செல்ல உள்ளாட்சி நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசி, வண்டி வரும் நேரத்தை உறுதி செய்துகொண்டு மலையேறுங்கள்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. ஆனாலும் பைக்குள் ஒளிந்து மலை ஏறுகிறது. அடிவாரத்தில் ஒரு கவரைத் தடுப்பது, ஆறாம் மலையில் அதைப் பொறுக்குவதைவிட எத்தனையோ மடங்கு எளிது. மலை ஏற முடியாதவர்கள், சீசன் தொடங்குமுன் வனச்சரக அலுவலகத்துக்குப் போய், அடிவாரப் பை சோதனைக்கு உதவி தேவையா என்று கேளுங்கள்.