உப்புக்காற்றில் ஓர் இலகு விமானம்: கட்டுதலும் பேணுதலும் பழுதறிதலும்

தொழிற்சாலையில் விமானத்தை வரைபவர் ஒருவர், பொருத்துபவர் வேறொருவர், பொருத்தியதைச் சரிபார்த்துக் கையொப்பமிடுபவர் மூன்றாமவர். வீட்டுப் பட்டறையில் கட்டப்படும் இலகு விமானத்தில் இம்மூன்று பணிகளும் ஒருவரிடமே வந்து சேர்வதால், ஒருவர் தவறவிட்டதை மற்றவர் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அங்கு இயல்பாக அமைவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பும் வழக்கங்களே இத்துறையில் நெடுங்காலம் உழைத்தோர் பெற்ற பட்டறிவின் சாரமாகும்.

இத்தகைய முயற்சிக்குத் தமிழகத்தில் நூற்றாண்டு கடந்த வரலாறு உண்டு. சென்னையில் தங்கும் விடுதி நடத்திவந்த ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், தாம் வடிவமைத்த இரட்டை அடுக்கு இறக்கை விமானத்தை, வண்டிகளுக்குக் கூடு கட்டிவந்த சிம்சன் நிறுவனத்தின் பட்டறையில் செய்வித்து, 1910ஆம் ஆண்டில் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். நம் காலத்தில் மும்பை விமானி அமோல் யாதவ், காந்திவலியில் தம் குடியிருப்பின் மொட்டை மாடியிலேயே ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். 2016இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்த அவ்விமானம், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் பதிவை 2017இலும், பறப்பதற்கான அனுமதியை 2019இலும் பெற்றது. ஆகவே முதல் தகட்டை வெட்டும் முன்பே விதிமுறைகளைக் கேட்டறிவதும், இறக்கையின் உட்புறம் மூடப்படும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் நாளிட்டுப் படமெடுத்து வைப்பதும் கட்டுநரின் முதற்கடமைகள் ஆகின்றன.

அலுமினிய விமானத்தின் வலிமை பெரும்பாலும் ரிவெட்டுகளைச் சார்ந்தது. ரிவெட் என்பது துளையில் செருகி மறுமுனையை அடித்துத் தலையாக்கும் ஆணியாகும். அதன் மையம் தகட்டின் விளிம்பிலிருந்து ஆணி விட்டத்தின் இருமடங்குத் தொலைவிலாவது அமைய வேண்டும்; அடித்து உருவாக்கிய தலையின் அகலம் விட்டத்தின் ஒன்றரை மடங்காகவும் உயரம் பாதியாகவும் இருத்தல் வேண்டும். சிறிதளவே கோணிய ரிவெட்டைத் துளைத்தெடுத்து மாற்ற முற்படும்போது துளை பெரிதாகி, முன்பிருந்ததைவிடப் பெரிய குறை உண்டாகலாம் என்பதால், எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்பதை அளவுகோல் கொண்டே முடிவு செய்ய வேண்டும். நட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்கியபின், நட்டின் மீதும் அருகிலுள்ள உலோகத்தின் மீதும் சேர்த்து ஒரு வண்ணக்கோடு இழுத்துவிட்டால், பின்னாளில் நட்டு சற்றே திரும்பியிருந்தாலும் கோடு முறிந்து அதைக் காட்டிக்கொடுக்கும்.

கட்டும் முறையைப் போலவே விமானம் நிற்கும் இடமும் கவனத்திற்குரியது. எடுத்துக்காட்டாக, தூத்துக்குடி மாவட்டத்துப் பாஞ்சாலங்குறிச்சியின் கரிசல் நிலத்திற்குக் கிழக்கே தருவைக்குளம், வேப்பலோடை முதலிய ஊர்களின் உப்பளங்களும் மன்னார் வளைகுடாவும் இருப்பதால், இத்தகைய பகுதியில் விமானம் வைத்திருப்போர் மற்ற எதையும்விட உப்பைக் கருத்தில் கொள்ள வேண்டும். காற்றில் வந்து படியும் உப்பு ஈரத்தை ஈர்த்துவைத்துக் கொள்வதால், அலுமினியமும் துருப்பிடிக்காத எஃகும் தொட்டுக்கொள்ளும் இடங்களில் மின்வேதி அரிப்பு, அதாவது இரு உலோகங்களுக்கிடையே நுண்ணிய மின்னோட்டம் உண்டாகி ஒன்று மற்றொன்றால் அரிக்கப்படும் நிலை, தோன்றி அலுமினியத்தைத் தின்றுவிடும். இணையும் பரப்புகள் இரண்டிற்கும் இணைப்பதற்கு முன்பே பிரைமர் பூசுதல், நீர்வடியும் துளைகளைத் திறந்து வைத்தல், பறந்து திரும்பியதும் நன்னீரால் கழுவுதல் ஆகியவை இதற்கான காப்புகள்; கடலோர ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருப்பதால், கழுவும் நீரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயிண்ட் கொப்புளித்தலும் இணைப்புகளில் வெண்பொடி படிதலும் அரிப்பின் அறிகுறிகள். ரிவெட் தலையைச் சுற்றிக் கருங்கோடு வழிவது அந்த ரிவெட் தளர்ந்து உராய்வதன் அடையாளம்.

பராமரிப்பைப் பறந்த மணிக்கணக்கால் மட்டும் அளப்பது இக்கடற்கரையில் போதாது. பறக்காமல் நிற்கும் விமானத்திலும் அரிப்பு நிற்பதில்லை. எஞ்சினைத் தரையில் சில நிமிடங்கள் மட்டும் ஓட்டி நிறுத்தினால், எரிதலில் உண்டாகும் நீராவி ஆயிலில் தங்கி உள்ளுறுப்புகளைத் துருவேற்றும். ஆகவே எஞ்சினை இயக்குவதானால் ஆயில் நன்கு சூடேறும் அளவுக்குப் பறக்க வேண்டும். நெடுநாள் நிறுத்துவதானால் அதற்கென உள்ள காப்பு எண்ணெயை முறைப்படி இட வேண்டும்.

எரிபொருள் தனிக் கவனத்திற்குரியது. இலகு விமானங்களில் பரவலாகப் பயன்படும் ரோட்டாக்ஸ் 912 வகை எஞ்சின்கள், 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோலுக்கே அனுமதி பெற்றவை. இந்தியப் பெட்ரோல் நிலையங்களிலோ 20 விழுக்காட்டுக் கலவை பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சுவதோடு, அதற்கென உருவாக்கப்படாத ரப்பர் குழாய்களையும் சில பசைகளையும் இளக்கிவிடும். கண்ணாடிக் குழாயில் சிறிது நீரூற்றி அதன் மட்டத்தைக் குறித்து, பெட்ரோல் சேர்த்துக் குலுக்கி அமைதியாக வைத்தால், எத்தனால் நீரோடு சேர்ந்துகொண்டு நீர்மட்டத்தை உயர்த்திக் காட்டும். இந்த எளிய சோதனையை ஒவ்வொரு முறை எரிபொருள் வாங்கும்போதும் செய்வது நலம். கோடை வெப்பத்தில் எரிபொருள் குழாயிலேயே ஆவியாகி ஓட்டம் தடைபடுவதைத் தவிர்க்க, குழாய்களைப் புகைபோக்கிக்கு அருகே கொண்டுசெல்லாமல், அவற்றுக்கு வெப்பக்காப்புறை இட வேண்டும். புவியீர்ப்பால் எரிபொருள் இறங்கும் அமைப்பில், முழு வேக ஓட்டத்திற்குத் தேவையான அளவின் ஒன்றரை மடங்காவது பாய்கிறதா என்று அளந்து பார்ப்பது முதற்பறப்புக்கு முன்பே முடிய வேண்டிய சோதனை.

பழுது தோன்றும்போது கடைசியாகக் கைவைத்த உறுப்பை முதலில் பார்ப்பதும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதும் நன்கு நிலைபெற்ற முறைகள். இரண்டை ஒருங்கே மாற்றிவிட்டால் காரணம் மறைந்துவிடும். எஞ்சின் கரடுமுரடாக ஓடினால், இரு தீப்பொறி அமைப்புகளையும் மாற்றி மாற்றி நிறுத்திப் பார்க்க வேண்டும்; ரோட்டாக்ஸ் 912இல் நிமிடத்துக்கு 4,000 சுழற்சியில் இச்சோதனையைச் செய்கையில், சுழற்சி 300க்கு மேல் குறைதல் கூடாது. வேகமானி அசையாதிருந்தால், கருவியைக் கழற்றும் முன், காற்றழுத்தத்தை உள்வாங்கும் பிட்டோ குழாயில் குளவி கூடு கட்டியுள்ளதா என்று பார்ப்பது நம் நாட்டுச் சூழலுக்கு மிகப் பொருந்தும். நிற்கும்போதெல்லாம் அக்குழாயை உறையிட்டு மூடினால் இத்தொல்லையே நேராது. ஆயில் அழுத்தம் திடீரெனக் குறைந்ததாகக் கருவி காட்டினால், அது கருவியின் குறை என்று தரையில் நிறுவப்படும் வரை உண்மை என்றே கொண்டு இறங்கிவிட வேண்டும்.

இவை அனைத்தையும் தாங்கி நிற்பது பதிவேடு. எந்த நாளில் எந்தப் போல்ட் எவ்வளவு முறுக்கில் இறுக்கப்பட்டது, எங்கே வெண்பொடி தெரிந்தது, எந்தக் குழாய் எப்போது மாற்றப்பட்டது என்பன எழுதப்பட்டிருந்தால், கட்டியவரின் நினைவை நம்பாமலேயே மற்றொருவர் அவ்விமானத்தைச் சரிபார்க்க இயலும். முதற்பறப்புக்கு முன் அந்தப் பதிவேட்டையும் விமானத்தையும் அனுபவமுள்ள வேறொரு கட்டுநரின் கையில் ஒப்படைத்து, குறை காணும்படி கேட்டுக்கொள்வதே இத்தொழிலில் கட்டுநர் தமக்கும் தம்முடன் பறப்போருக்கும் செய்யக்கூடிய பெரிய நன்மையாகும்.